உலக்கை விழும்வரை

உலக்கையை நிறுத்துவதில் வித்தை ஒன்றும் இல்லை. பூண் போட்ட அடி சமமாக இருக்க வேண்டும். தரை சாயாமல் இருக்க வேண்டும். நிறுத்துகிறவனுக்கு அவசரம் கூடாது. அவ்வளவுதான்.

ஜலகண்டாபுரத்துக்குத் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் இருந்த அந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் வேப்பமரத்தடியில், மாசிப் பௌர்ணமிக்கு முந்தின நாள், நயீம் அதைச் செய்து காட்டினான். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினான். நடுவில் உலக்கையை வைத்து இரண்டு கையாலும் பிடித்தான். மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம் என்று நகர்த்திவிட்டுக் கையை எடுத்தான்.

நின்றது. முன்வரிசையில் ஒரு பையன் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான்.

எல்லா ஊரிலும் சொல்வதையே நயீம் இங்கும் சொன்னான். கிரகணம் நாளைக்கு, உலக்கை இன்றைக்கே நிற்கிறது. கிரகணத்தன்று மட்டும்தான் நிற்கும் என்று நினைக்கிறோம், ஏனென்றால் மற்ற நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. கிரகணம் விட்டதும் தானாக விழும் என்பார்கள். விழாது. யாராவது தட்டினால்தான் விழும்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டான். ஏழெட்டுப் பேர் தோற்றார்கள். ஒன்பதாம் வகுப்பு இலக்கியா எழுந்து வந்தாள். முதல் தடவையிலேயே நிறுத்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். கை துளியும் ஆடவில்லை. வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது, அறுந்த இழையை முடிந்து முடிந்து பழகிய கை என்று தலைமையாசிரியை அறிவுச்செல்வி சொன்னார். நயீம் அவளுக்கு ஒரு பேனா கொடுத்தான். வீட்டிலும் போய்ச் செய்து காட்டச் சொன்னான். அதுவும் எல்லா ஊரிலும் சொல்வதுதான்.

கேள்வி நேரத்தில் ஒரு பொடியன் எழுந்து, நிலாவைப் பாம்பு முழுங்கிவிட்டுக் கக்கும்போது அது ஈரமாக இருக்குமா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நயீமும் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அவனுக்குத் தெரியும்.

அவனுக்கு முப்பத்தொரு வயது. இயற்பியலில் எம்.எஸ்சி. சேலம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் அவன் வேன் போகாத அரசுப் பள்ளி குறைவு. வேனுக்குள் தொலைநோக்கி, காற்றழுத்த ராக்கெட், லென்சுகள், எலும்புக்கூடு, தாம்பாளம், உலக்கை எல்லாம் இருந்தன. வெளியே இரண்டு பக்கமும் நீல எழுத்தில் 'ஷிரீன் நடமாடும் அறிவியல் கூடம்' என்று எழுதியிருந்தது. ஷிரீன் அவன் மனைவி. இறந்து மூன்று வருடம் ஆகிறது.

வேனை ஓட்டுகிறவர் ஷிரீனின் அத்தா பக்ருதீன். முப்பது வருடம் லாரியில் குஜராத்துக்கும் அசாமுக்கும் போய் வந்தவர். மகள் போன பிறகு லாரியில் தன் பங்கை விற்று இந்த வேனை வாங்கினார். பெயரையும் அவரே எழுதவைத்தார். ஷிரீன் ஆரம்பித்த காரியம் நிற்கக் கூடாது என்பது அவர் சொன்ன ஒரே காரணம். மாப்பிள்ளை தன் வீட்டை விட்டுப் போகவும் அவர் விடவில்லை. சேலம் கோட்டைப் பகுதியில் இருந்த வீட்டு மாடியறை நயீமுடையது. காலையில் மாமி ஷாஜாதி டிபன் டப்பாவைக் கட்டி, பேசாமல் படிக்கட்டில் வைப்பாள். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் வேலை இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அவன் வேனைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், பதில் எழுதவில்லை.

பிணம் எழுந்து வேலைக்குப் போனால் எப்படி இருக்குமோ அப்படி அவன் போய் வந்தான். எந்த ஊரில் எந்தச் சிரிப்பு எந்த நிமிடத்தில் வரும் என்று அவனுக்குத் தெரியும். டீ எப்போது வரும், நன்றியுரையில் பெயரை எப்படித் தப்பாகச் சொல்வார்கள் என்பதும் தெரியும். கிரகணம் வருகிற வாரங்களில் மட்டும் கூடுதலாக ஒன்று வரும். அந்தப் படம்.

மூன்று வருடத்துக்கு முன், தீபாவளிக்கு மறுநாள் மாலையில் சூரிய கிரகணம். சேலத்தில் ஒரு மைதானத்தில் ஆட்களைக் கூட்டினார்கள். ஷிரீனுக்கு அப்போது ஐந்தாவது மாதம். கர்ப்பிணிகள் கிரகணத்தில் வெளியே வந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று பேச்சு வந்தபோது, அவளே முன்னால் போய் நின்றாள். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு தேங்காய்ப் பன்னைக் கடித்தாள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பிப்ரவரியில் அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை. யாரோ அந்தப் படத்தின் கீழே, கிரகணம்தான் கொன்றது என்று இரண்டு வரி சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கிரகணம் வரும்போதெல்லாம் அது ஊரைச் சுற்றுகிறது. அவன் எந்த மேடையில் நின்றாலும் கூட்டத்தில் ஒருவருடைய போனில் ஷிரீன் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பக்ருதீன் மட்டும் அதை நம்பவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய சாவுக்காகவும் மறைவதில்லை என்று சிறுவயதிலேயே பள்ளிவாசலில் கேட்டு வளர்ந்தவர். "அவளுக்கு எழுதுனது அவ்ளோதான், மாப்ள. உங்க மேல ஒண்ணுமில்ல" என்பார். மேட்டூர் ரோட்டில், நாமக்கல் ரோட்டில், வாழப்பாடி தாண்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் நயீம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பஞ்சாங்கத்தில் சந்திர கிரகணம் மூன்று இருபதுக்குப் பிடித்து ஆறு நாற்பத்தேழுக்கு விடுவதாகப் போட்டிருந்தது. நிலா எழுவதே ஆறு இருபது வாக்கில்தான். எழும்போதே பாதி மறைந்து எழும். பிள்ளைகள் ஐந்தரைக்குப் பெற்றோரோடு வரட்டும் என்று சொல்லியிருந்தார்கள். நயீம் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்தான். பக்ருதீன் வேன் நிழலில் அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது இலக்கியா ஓடி வந்தாள். செருப்பு இல்லை. நேராக அவனிடம் வந்தாள்.

அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னது இது. மத்தியானம் சாப்பிடப் போனபோது, அம்மாவுக்குக் காட்டலாம் என்று உலக்கையை எடுத்துத் தாம்பாளத்தில் நிறுத்தியிருக்கிறாள். ஒரே தடவையில் நின்றுவிட்டது. கிரகணம் பிடிக்காமலே நிற்கிறது பார் என்றிருக்கிறாள். அம்மா பார்த்திருக்கிறாள். கிரகணம் பிடிக்காமல் உலக்கை எப்படி நிற்கும்? பஞ்சாங்கக்காரன் தப்பாகப் போட்டிருக்கிறான், கிரகணம் இப்போதே பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, தறியை நிறுத்தி, அண்ணியை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். அண்ணிக்கு எட்டாவது மாதம். காலையிலிருந்தே தலைவலி. இப்போது முகமெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் உலக்கை விழட்டும் என்கிறாள் அம்மா.

"அது உழுவாதுங்க சார்" என்றாள் இலக்கியா. "நான் நல்லா நிறுத்திப்போட்டேன்."

நயீம் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தான். "கண்ணு முன்னால ஏதாச்சும் தெரியுதுன்னாங்களா?"

"மின்மினி மாரி பறக்குதுன்னு சொன்னாங்க."

அந்த வார்த்தையை அவன் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தான். மின்மினி இல்லை, பூச்சி. பூச்சி பறக்கிற மாதிரி இருக்குதுங்க என்று ஷிரீன் சொன்னாள்.

அந்தப் பிப்ரவரி நாளில் அவன் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தான். பதினொன்று பத்துக்குப் போன் வந்தது. தலை வெடிக்கிறது என்றாள். வீட்டில் அவள் மட்டும். மாமி வாழப்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பக்ருதீன் லாரியோடு சூரத்தில் இருந்தார். ஒரு மணி நேரம் பொறு, படுத்துக்கொள், முடித்துவிட்டு வருகிறேன் என்றான். ராக்கெட் விட்டான். பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். விட்டான். நன்றியுரைக்கும் இருந்தான். வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஒன்றே முக்கால் தாண்டிவிட்டது. அவளுக்கு வலிப்பு வந்து, பற்கள் கிட்டியிருந்தன. ரத்த அழுத்தம், இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவனிடம் மட்டும் சொன்னார்.

சூரத்திலிருந்து வந்து இறங்கிய பக்ருதீன் கேட்ட முதல் கேள்வி, அவள் போன் ஏதும் பண்ணினாளா என்பது. இல்லை மாமா என்றான். இரண்டு போன்களிலும் அந்த அழைப்பை அதற்குள் அழித்திருந்தான்.

பிறகு ஊர் கிரகணம் என்றது. அவன் மறுத்தான். மேடை மேடையாக மறுத்தான். ஆனால் அவன் மறுக்க மறுக்க ஊர் அதையே பேசியது. அதையே பேசும்வரை பதினொன்று பத்தை யாரும் கேட்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கிரகணத்தை எதிர்த்துப் பேசிப் பேசியே அதன் நிழலில் மூன்று வருடம் ஒதுங்கியிருந்தான். அவனை அங்கே தேடுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை.

அறிவுச்செல்வி ஆம்புலன்சுக்குச் சொன்னார். வந்து சேர அரை மணிக்கு மேலாகும் என்று தெரிந்தது. போன வாரமே நர்ஸ் வந்து பிரஷர் அதிகம், தலை வலித்தால் உடனே வா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள் இலக்கியா. அண்ணன் பூபதி ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருக்கிறான். போனில் சிக்னல் இல்லை.

"மாமா, வண்டிய எடுங்க" என்றான் நயீம்.

பக்ருதீன் ஏன் என்று கேட்கவில்லை. பாயைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறினார்.

அந்தத் தெருவில் எப்போதும் தறிச் சத்தம் இருக்கும். முந்தின நாள் வேனில் வந்தபோது பேசினால் காது கேட்கவில்லை. இன்று மொத்தத் தெருவும் தறியை நிறுத்தியிருந்தது. யாரோ வீட்டுக்குள் இருமுவது கேட்டது. சினிமா ஓடும்போது கரண்டு போனது போல் இருந்தது.

தறிக்கூடத்தை ஒட்டி ஓர் அறை. கதவு சாத்தியிருந்தது. வாசற்படிக்கு முன்னால் தாம்பாளம், மஞ்சள் தண்ணீர், நடுவில் ஆணி அடித்த மாதிரி உலக்கை. பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். இலக்கியாவின் அம்மா சின்னாயி. கையில் ஒரு தென்னம் ஓலைக் கீற்று. கோழி வந்தால் விரட்ட. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். யாரும் தாம்பாளத்துக்கு நாலடி கிட்டே வரவில்லை.

"வாங்க சாமி" என்றாள் சின்னாயி. எழவில்லை. எழுந்தால் தரை அதிரும் என்று பயந்தவள் போல் இருந்தாள்.

நயீம் மெதுவாகவே பேசினான். இந்தத் தலைவலி சாதாரணம் இல்லை. கண்ணில் மினுக்கினால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. வண்டி வாசலில் நிற்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி.

"போலாமுங்க. யாரு வேண்டாங்கறாங்க?" என்றாள் சின்னாயி. "உலக்கை உழுவட்டும். உழுந்த மறு நிமிசம் நானே தூக்கிட்டு வாரேன்."

"அம்மா, இது விழாதுங்க. விடிய விடிய நிக்கும்."

"தட்டுனாத்தான் உழுவும்னு நேத்து நீங்கதான சொன்னீங்களாமா? எம்புள்ள வந்து சொன்னா. அதாங்க, ஒருத்தரையும் கிட்டத்துல உடாம காவல் காக்கறேன். தானா உழுவோணுமுங்களே."

அவன் சொன்னதை அவள் துளி பிசகாமல் கேட்டிருந்தாள். பின்னால் ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

நயீமுக்கு ஒரு யோசனை வந்து போனது. காலை நீட்டினால் போதும். நாலடி. விழுந்தால் கிரகணம் விட்டது என்று ஆகிவிடும், வேறெதுவும் பேச வேண்டியதில்லை. அவன் காலைப் பார்த்ததைச் சின்னாயியும் பார்த்தாள். ஓலைக்கீற்றைக் குறுக்கே பிடித்தாள்.

"தட்டிப் போடாதீங்க சாமி. கிரகணத்துல தட்டி உழுந்தா ஊட்டுக்கே ஆகாது. அப்பறம் ஜென்மத்துக்கும் அவள வெளிய உட மாட்டேன்."

அறைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. இலக்கியா கதவருகே போய், அண்ணி என்றாள். உள்ளேயிருந்து அண்ணி பிரபா ஏதோ சொன்னாள். வார்த்தை குழறியது. வாந்தி எடுக்கிற சத்தம் வந்தது.

சின்னாயியின் கண் கலங்கியிருந்தது. அவள் கெட்டவள் இல்லை. மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவள் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. இந்த மருமகள், இந்தப் பிள்ளை, இரண்டையும் முழுசாக மகன் கையில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் போனை நீட்டினாள். அவன் பார்க்காமலேயே தெரிந்துகொண்டான்.

"ஏனுங்க சார், இது உங்க சம்சாரந்தானுங்களே?"

ஷிரீன் கண்ணாடி மாட்டி, பன்னைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க."

"நீங்க படிச்சவீங்க. உங்க ஊட்டுக்காரம்மாவும் படிச்சவீங்க. வெளிய நின்னு பாத்துச்சு. என்னாச்சுங்க? உங்களுக்கே அப்படின்னா, நாங்க எந்த தைரியத்துல புள்ளைய வெளிய உடறது?"

யாரும் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக ஒரு பதில் வைத்திருந்தான். ரத்த அழுத்தம், உலகம் முழுக்க எத்தனை கர்ப்பிணிகள், புள்ளிவிவரம். நாலு நிமிடப் பதில். அதைச் சொன்னால் இவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு உலக்கையைப் பார்ப்பார்கள்.

பக்ருதீன் வேனிலிருந்து இறங்கி, வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நயீம் அவரைப் பார்த்தான். வெளியே போகச் சொல்ல ஒரு காரணம் கிடைக்குமா என்று தேடினான். கிடைக்கவில்லை. பிரபா மறுபடி வாந்தி எடுத்தாள்.

அவன் சின்னாயிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். தாம்பாளத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன்.

"எம் பொண்டாட்டி கிரகணத்தால சாகலீங்க" என்றான். "அது முடிஞ்சு நாலு மாசம் நல்லா இருந்தா. ஒருநாள் தலவலின்னு எனக்குப் போன் பண்ணா. பதினொன்னு பத்துக்கு. கண்ணுல பூச்சி பறக்குதுன்னா. நான் ஒரு பள்ளிக்கூடத்துல இருந்தேன். ஒரு மணி நேரம் பொறு, முடிச்சுட்டு வர்றேன்னேன்."

தெருவில் சத்தமே இல்லை. தறி ஓடியிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

"ரெண்டரை மணி நேரம் ஆயிடுச்சு. நான் போறப்ப வாய்ல நுரை. டாக்டர் சொன்னாரு, முன்னாலயே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பான்னு. நான் யார்கிட்டயும் சொல்லல. அவங்க அத்தா கேட்டாரு, போன் வந்துச்சான்னு. வரலன்னு சொல்லிட்டேன். அவரு அதோ நிக்கறாரு."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.

"நீங்க உலக்கை விழட்டும்ங்கறீங்க. நான் வேலை முடியட்டும்னேன். ரெண்டும் ஒண்ணுதாங்க அம்மா. பொறுத்ததாலதான் அவ செத்தா. கிரகணம் பாவம், அது ஒண்ணும் பண்ணல."

முத்தாயம்மாள் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சின்னாயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விலை படியாத மாட்டைப் பார்க்கிற மாதிரி, பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற பக்ருதீனைப் பார்த்தாள். அவர் முகத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ. ஓலைக்கீற்றைக் கீழே வைத்தாள்.

இரண்டு கையாலும் உலக்கையைப் பிடித்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுக்கிற பதனத்தில் தூக்கி, சத்தம் வராமல் சுவரோரம் கிடத்தினாள். நிமிர்ந்து தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

"உலக்கை உழுந்துபோச்சு. அல்லாரும் பாத்தீங்கல்ல? கதவத் தொற அம்மிணி."

பார்த்தோம் என்றாள் முத்தாயம்மாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள்.

பிரபாவை நாலு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். முகம் ஊதி, கண் இடுங்கி இருந்தது. வேனின் நடுவில் எலும்புக்கூட்டை நகர்த்திவிட்டுத் தொழுகைப் பாயை விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். சின்னாயி தலைமாட்டில், இலக்கியா கால்மாட்டில். முன்சீட்டில் ஏறிய நயீம் கதவைச் சாத்துவதற்குள் பக்ருதீன் வண்டியை எடுத்துவிட்டார்.

முப்பது வருடத்து லாரிக்காரர் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கி, பின்னால் படுத்திருந்தவள் குலுங்காமல், வேகமும் குறையாமல். ஆம்புலன்சுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லும்போது நயீமின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கதவோரப் பின்பார்வைக் கண்ணாடியில் ஷிரீனின் பெயர் இடம்வலமாகத் திரும்பித் தெரியும். எப்போதும் தெரிவதுதான். இன்று அவன் அதையே பார்த்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. பிரஷர் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஊசி போட்டார்கள். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அரை மணி கழித்து இளம் டாக்டரம்மா ஒருத்தி வெளியே வந்து, வலிப்பு வருவதற்குள் கொண்டுவந்துவிட்டீர்கள், பிள்ளையை இன்றே எடுக்க வேண்டியிருக்கும், இப்போதைக்கு இரண்டு துடிப்பும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். சின்னாயி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அறிவுச்செல்வியின் போன் வந்தது. பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல். நிலா எழுந்துவிட்டது, பாதி கடித்த அப்பளம் மாதிரி இருக்கிறது, தொலைநோக்கி சரியாக நிற்கவில்லை, இருநூறு பேர் வந்துவிட்டார்கள், இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது, ஓடி வந்துவிட முடியுமா என்று கேட்டார்.

"முடியாதுங்க மேடம்" என்றான் நயீம். "நான் இங்கதான் இருக்கணும். தொலைநோக்கி வேண்டாம். சந்திர கிரகணம்தான, வெறுங்கண்ணாலயே பார்க்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தான். பக்ருதீன் வேனுக்குப் பக்கத்தில், கிழக்கே பார்த்து நின்றிருந்தார். தென்னைகளுக்கு மேலே நிலா இருந்தது. அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"பதினொன்னு பத்து" என்றார்.

"ஆமா மாமா."

"எனக்கும் போன் போட்டிருக்கா. பதினொன்னு இருவதுக்கு. ஓட்டிட்டிருந்தேன், எடுக்கல. சாயந்திரம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்." அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு எனக்கு மட்டும்தான் போட்டாள்னு மூணு வருசமா நெனச்சிட்டிருந்தேன். நீ ஒருநாளாச்சும் சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து சொமந்திருக்கலாம்."

 

அவர் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் அவனிடம் சாவி கொடுத்ததில்லை.

"அந்தப் புள்ளைக்கு ஆகற வரைக்கும் இரு. அப்பறம் வண்டிய நீயே ஓட்டிட்டு வா, நயீம். நான் பஸ்ஸுல போறேன். ஷாஜாதிகிட்ட நான் சொல்லல. நீதான் சொல்லணும்."

மாப்ள என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வா என்றார், வரவேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டையும் அவன் குறித்துக்கொண்டான். அவர் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பஸ் வர நேரம் இருந்தது. இங்கிருந்தே அவர் தெரிந்தார்.

சின்னாயி வெளியே வந்தாள். கையில் இரண்டு பேப்பர் கப்பில் டீ. ஒன்றை அவனிடம் நீட்டினாள். கிரகணம் இன்னும் விடவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. தன்னுடையதை ஒரு மடக்குக் குடித்தாள். வேனின் நீல எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதானுங்களா அந்தப் புள்ள பேரு?"

"ஆமாங்க."

"குடிங்க சாமி, ஆறிப்போவுது" என்றாள்.

அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். பஸ் வந்து நின்று, அவரை மறைத்தது. கிளம்பியது. பெஞ்சில் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நயீம் இன்னொரு டீ வாங்கிக்கொண்டு, சாவியை விரலில் மாட்டியபடி, ரோட்டைக் கடப்பதற்கு லாரிகள் போகட்டும் என்று நின்றான்.